ஸ்கேனுக்கு முன்னால் உயரம்: வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையின் எலும்பை மதிப்பிடுவது எப்படி?

எலும்பின் தாது அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டில், ஒரு குழந்தைக்கு 'ஆஸ்டியோபோரோசிஸ்' (எலும்பு பலவீன நோய்) என்று அச்சாகி வந்தால், அதில் உயரம் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பெற்றோர் வாய்மொழியாகச் சொன்ன உயரமாக இருக்கும். அடுத்த வேலை, டி-ஸ்கோர் வரியைப் பேனாவால் அடித்துவிடுவது. டி-ஸ்கோர் என்பது எலும்பு வலு உச்சத்தில் இருக்கும் இளம் வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். எட்டு வயதுப் பிள்ளையை அவர்களோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். குழந்தைகளுக்கு அதே வயது, அதே பாலினப் பிள்ளைகளோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர் மட்டும்தான் பொருந்தும்.

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவராக நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, எக்ஸ் குரோமோசோம் குறையால் பெண் பிள்ளைகளுக்கு வரும் டர்னர் சிண்ட்ரோம், கை கால் குட்டையாக வளரும் அகோண்ட்ரோபிளாசியா, தாது சரியாகச் சேராமல் எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் என்று காரணங்கள் வேறு வேறு. இவர்களுடைய எலும்பு சிறியதாக மட்டும் இருக்கிறதா, பலவீனமாகவும் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஸ்கேன் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மருத்துவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கையில் ரிப்போர்ட்டோடு குழம்பி நிற்கும் பெற்றோருக்கும் பயன்பட வேண்டும் என்பது ஆசை.

முறிவுகளின் கதை

ஐஎஸ்சிடி எனப்படும் சர்வதேச எலும்பு அடர்த்தி அளவீட்டுச் சங்கம் குழந்தைகளின் ஆஸ்டியோபோரோசிஸுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. பெரிய அடி எதுவும் படாமல், அந்த இடத்தில் வேறு நோயும் இல்லாமல், முள்ளெலும்பு ஒன்றே ஒன்று நசுங்கியிருந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான். அடர்த்தி எண் என்னவாக இருந்தாலும் சரி. அப்படி நசுங்கல் இல்லையென்றால் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். இசட்-ஸ்கோர் மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கூடவே 10 வயதுக்குள் கை கால்களின் நீண்ட எலும்புகளில் இரண்டு முறிவுகளாவது, அல்லது 19 வயதுக்குள் மூன்று முறிவுகளாவது ஏற்பட்டிருக்க வேண்டும். எண் மட்டும் குறைவாக இருந்தால் 'வயதுக்குக் குறைவான அடர்த்தி' என்று எழுதலாம். அதற்கு மேல் போகக் கூடாது.

ஆகவே முறிவு வரலாற்றை அவசரப்படாமல் கேளுங்கள். "எத்தனை தடவை எலும்பு உடைந்தது?" என்று கேட்டால் சரியான பதில் வராது. "எத்தனை தடவை மாவுக்கட்டு போட்டார்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எந்த எலும்பு, எந்த வயது, எப்படி விழுந்தான் என்று தனித்தனியாக எழுதுங்கள். மரத்திலிருந்து விழுந்து முன்கை முறிவதும், நின்ற இடத்தில் கால் தடுக்கித் தொடை எலும்பு முறிவதும் ஒன்றல்ல. நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ விழுந்து உண்டான முறிவுக்கு அடிக்கோடு போடுங்கள். விரல் முறிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய எக்ஸ்ரே கிடைத்தால் கட்டாயம் கண்ணால் பாருங்கள். 'முறிவு' என்று சொல்லப்பட்டவற்றில் சில வெறும் சுளுக்காக இருக்கும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் எலும்பு முறியும். பதின்பருவம் முடிவதற்குள் ஏதோ ஒரு முறிவைச் சந்திக்கும் ஆண் பிள்ளைகள் ஏறக்குறைய பாதிப் பேர். அதிலும் வேகமாக உயரும் பருவத்தில் முன்கை முறிவு சகஜம். எலும்பு நீண்டுவிடும், தாது நிரம்புவது அதற்குச் சில மாதங்கள் பின்தங்கி வரும். அந்த இடைவெளியில் கையை ஊன்றி விழுந்தால் உடைகிறது. ஒரே ஒரு மணிக்கட்டு முறிவோடு வரும் 13 வயதுப் பையனுக்கு டெக்ஸா எடுக்க நான் எழுதிக் கொடுப்பதில்லை.

நடக்கவே தொடங்காத கைக்குழந்தைக்கு எலும்பு முறிந்திருந்தால் விஷயம் வேறு. எலும்பு நோயா, யாராவது துன்புறுத்தினார்களா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே நேரத்தில் விசாரிக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

குடும்பத்திலும் விசாரியுங்கள். சின்ன வயதிலேயே காது மந்தமானவர், அடிக்கடி எலும்பு உடைந்தவர், வளைந்த காலோடு குட்டையாக நின்றுவிட்டவர் யாராவது உண்டா? முதல் இரண்டும், எலும்பு எளிதில் உடையும் பரம்பரை நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவை நோக்கிக் கை காட்டும். கடைசியது பரம்பரை பாஸ்பேட் குறைபாட்டு ரிக்கெட்ஸாக இருக்கலாம்.

அளவெடுப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஆனால் பொறுமை வேண்டும். சுவரில் பொருத்திய உயரமானியில் பிள்ளையை வெறுங்காலோடு நிறுத்துங்கள். குதிகால் தரையில் படிந்திருக்க வேண்டும். கண்ணின் வெளி ஓரமும் காதுத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். உச்சியில் கொண்டை இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு கால் குட்டையாக இருந்தால் அந்தப் பாதத்துக்குக் கீழே பலகை வைத்து இடுப்பைச் சமப்படுத்திவிட்டு அளக்க வேண்டும். நிற்கவே முடியாத பிள்ளைக்கு முன்கை நீளம், முழங்கால் உயரம் போன்ற துண்டு அளவுகள் உதவும்.

ஒரு நாள் அளவு ஒரு புள்ளிதான். ஆறு மாதமாவது இடைவெளி விட்டு எடுத்த இரண்டு அளவுகள் இருந்தால்தான் வேகம் தெரியும். 4 வயதிலிருந்து பருவம் எட்டும் வரை பிள்ளைகள் வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வார்கள். 4 செ.மீ.க்கும் குறைந்தால் காரணம் தேடியாக வேண்டும்.

அப்புறம் உடல் விகிதம். உட்கார்ந்த உயரத்தையும் கை விரிப்பையும் அளக்காமல் விட்டால் பாதி நோய்கள் கைநழுவிப் போகும். பிறக்கும்போது இடுப்புக்கு மேலே உள்ள நீளம் கீழே உள்ளதைப் போல 1.7 மடங்கு இருக்கும். 3 வயதில் அது 1.3 ஆகி, 10 வயதை ஒட்டி 1-க்கு வந்துவிடும். கால்கள் குட்டையாகவும் உடல் சரியாகவும் இருந்தால் அகோண்ட்ரோபிளாசியா, அதைப்போன்ற ஆனால் லேசான ஹைப்போகோண்ட்ரோபிளாசியா அல்லது ரிக்கெட்ஸ் நினைவுக்கு வர வேண்டும். உடல் குட்டையாகக் கை விரிப்பு உயரத்தை மிஞ்சினால் முதுகெலும்பில் ஏதோ நடக்கிறது. வரிசையாக முள்ளெலும்புகள் நசுங்கினாலும் இப்படித்தான் ஆகும். உயரக் கோடு நன்றாக ஏறிக்கொண்டிருந்து திடீரென்று படுத்துவிட்ட ஸ்டீராய்டு பிள்ளைகளிடம் இதைக் குறிப்பாகத் தேடுவேன்.

பருவ வளர்ச்சியின் நிலையையும் எழுதிவிடுங்கள். 14 வயதில் இன்னும் பருவம் தொடங்காத பையனை, தொடங்கி இரண்டு வருடமான பையன்களோடு ஒப்பிட்டால் அவனுடைய எண் குறைவாகத்தான் தெரியும். உயரம் மிக வேகமாக ஏறும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், பெரியவரின் மொத்த எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் பருவம் தாமதமானால் எலும்புக் கணக்கும் தாமதமாகிறது.

உடல் பரிசோதனையில் நான் விடாமல் பார்ப்பவை இவை: கண்ணின் வெண்பகுதியில் நீலச் சாயல் உண்டா, பற்கள் கண்ணாடிபோல் மங்கித் தேய்ந்திருக்கின்றனவா, மணிக்கட்டு தடித்திருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா, மூட்டு அளவுக்கு மீறி மடங்குகிறதா. முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் தட்டிக்கொண்டே வந்தால், சில பிள்ளைகள் ஒரே இடத்தில் முகம் சுளிப்பார்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியையும் மறக்காதீர்கள்: பால் பல் எப்போது விழுந்தது? 5 வயதுக்கு முன்னால், வேரோடு முழுசாக விழுந்திருந்தால், அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் யாருடைய வரம்பு?

கால்சியம், பாஸ்பேட், எலும்பு உருவாகும்போது வெளிவரும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவை அடிப்படை. சிறுநீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் பார்க்கலாம். காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைவு இருந்தால் தைராய்டையும், கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,25 வகை வைட்டமின் டி-யை வழக்கமாகக் கேட்க வேண்டாம். உடலின் வைட்டமின் டி இருப்பை அது காட்டாது. குறைபாட்டிலும் சகஜமான அளவிலோ கூடுதலாகவோகூட வரும்.

இங்கே பெரிய பள்ளம், ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சாகும் 'இயல்பு வரம்பு'. பல ஆய்வகங்கள் பெரியவர்களின் வரம்பையே அச்சிடுகின்றன. வளரும் பிள்ளைக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரியவர்களைவிட மிகக் கூடுதலாக இருப்பது இயல்பு. பெரியவர் வரம்பை வைத்துப் பார்த்தால் இரண்டு தவறுகள் நடக்கும். நல்ல பிள்ளைக்கு 'அதிகம்' என்று நட்சத்திரக் குறி விழும். நிஜமாகவே குறைவாக இருக்கும் பிள்ளைக்கு 'இயல்பு' என்று வந்துவிடும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து யாருமே நிற்பதில்லை. ஆனால் பல் சீக்கிரம் விழுந்து, எலும்பு வலியோடு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வயதுக்குக் குறைவாக இருந்தால் அது, இந்த நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் ஹைப்போபாஸ்பட்டேசியாவாக இருக்கலாம். இந்த நோயில் மற்ற எலும்பு நோய்களுக்குக் கொடுக்கும், எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்தைத் தவிர்க்கிறோம். நோயைக் கண்டுபிடிக்காமல் அந்த மருந்தைத் தொடங்குவது பெரிய வம்பு. சத்துக் குறைவு, துத்தநாகக் குறைவு, தைராய்டு குறைவு போன்றவற்றாலும் இந்த எண் இறங்கும் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

பாஸ்பேட்டிலும் அதே கதைதான். டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் என்பது பெரியவருக்கு நன்றாகவே போதும். 2 வயதுக் குழந்தைக்கு அது குறைவு. வளைந்த காலோடு நடக்கும் குழந்தையின் ரிப்போர்ட்டில் 'பாஸ்பேட் இயல்பு' என்று எழுதியிருப்பதை நம்பி, மாதக்கணக்கில் வைட்டமின் டி மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எஃப்ஜிஎஃப்23 ஹார்மோன் மிகுந்து பாஸ்பேட்டைச் சிறுநீரில் இறக்கிவிடும், முன்பு சொன்ன பரம்பரை ரிக்கெட்ஸ் போன்ற நோய்க்கு வைட்டமின் டி சொட்டு மருந்து போதாது. 2018 முதல் அந்த ஹார்மோனையே தடுக்கும் புரோசுமாப் என்ற ஊசி இருக்கிறது. ஆனால் நோயை முதலில் கண்டுபிடித்தால்தானே!

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாக: மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 20-க்கு மேலே போதுமானது. இது 2016-இல் வெளியான ரிக்கெட்ஸ் குறித்த உலகளாவிய ஒருமித்த பரிந்துரை. கால்சியம் உணவில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தால், வைட்டமின் டி சரியாக இருந்தாலும் ரிக்கெட்ஸ் வரலாம் என்பதையும் அதே பரிந்துரை சொல்கிறது.

பக்கவாட்டு முதுகு எக்ஸ்ரே

என்னைக் கேட்டால், ஆபத்தான பிள்ளைகளுக்கு டெக்ஸாவைவிட முக்கியமானது இதுதான். முள்ளெலும்பு நசுங்கினால் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். பாதிக்குப் பாதி பிள்ளைகளுக்கு வலியே இருப்பதில்லை. கனடாவில் ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்ட குழந்தைகளைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே படமெடுத்துப் பார்த்தபோது, 16 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. அதனால் ஸ்டீராய்டு நீண்ட காலம் எடுக்கும் பிள்ளைகள், டுஷேன் தசைச் சிதைவு உள்ளவர்கள், ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா உள்ளவர்கள் எல்லோருக்கும், முதுகு வலி என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதை இடைவெளி விட்டுத் திரும்பவும் எடுங்கள்.

படத்தில் நெஞ்சுப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு முதல் இடுப்புப் பகுதியின் நான்காவது வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன், நடு, பின் உயரங்களை ஒப்பிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் உயரம் குறைந்தால் நசுங்கல். 25 வரை லேசானது, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. ஜெனன்ட் என்பவர் வகுத்த முறை இது. நெஞ்சின் நடுப்பகுதியில் முன்பக்கம் லேசாகச் சரிவது பல பிள்ளைகளுக்கு இயல்பு என்பதையும் கவனியுங்கள். மேல் தட்டு உடைந்தோ குழிந்தோ இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும். சின்ன வயதில் கண்டுபிடித்தால் ஒரு நன்மை உண்டு: வளர்ச்சி மிச்சமிருந்து காரணமும் நீங்கினால், நசுங்கிய முள்ளெலும்பு மறுபடி வடிவம் பெறும். பெரியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று சொல்லும் 'எலும்பு வயது'க்கு இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே போதும். ஆனால் எலும்பு வளர்ச்சியே கோணலாக இருக்கும் டிஸ்பிளாசியா பிள்ளைகளுக்கு அந்த வயதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் எக்ஸ்ரே அட்லஸில் இருப்பது ஆரோக்கியமான பிள்ளைகளின் கைகள்.

டெக்ஸா

இப்போதுதான் ஸ்கேன். வலி இல்லை, ஊசி இல்லை. கதிர்வீச்சு, நாம் இயற்கையாக ஒரு சில நாட்களில் வாங்கிக்கொள்ளும் அளவை ஒட்டியது. மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு கதையும், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருந்தாலும் போதும். இடுப்பு முதுகெலும்பையும், தலையை விட்ட முழு உடலையும் எடுக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது. மண்டை ஓட்டைக் கணக்கில் சேர்த்தால் மற்ற எலும்புகளின் நிலை மறைந்துவிடும். கை கால் மடங்கி இறுகிப்போன பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியைப் பக்கவாட்டில் எடுக்கும் முறை இருக்கிறது.

முந்தைய நாளிலிருந்தே கால்சியம் மாத்திரை வேண்டாம். கரையாத மாத்திரை குடலில் கிடந்தால் முதுகெலும்பின் மேல் விழுந்து எண்ணைக் கூட்டிவிடும். பேரியம் போன்ற மருந்து குடித்துப் படமெடுத்திருந்தால் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். ஜிப், உலோகப் பொத்தான் இல்லாத உடை. எலும்புக்குள் கம்பி வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்கு முன்னால் படத்தைப் பாருங்கள். எலும்பின் ஓரம் படிக்கட்டு போல் உடைந்து தெரிந்தால் பிள்ளை அசைந்திருக்கிறான். கணினி வரைந்த எல்லைக்கோடு முள்ளெலும்பின் விளிம்பைச் சரியாகப் பிடித்திருக்கிறதா? அடர்த்தி மிகக் குறைந்த எலும்பில் அது தடுமாறும். நசுங்கிய முள்ளெலும்பு ஒன்று இருந்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். ஒடுங்கிய எலும்பு அடர்த்தியாகத் தெரிந்து மொத்த எண்ணை ஏற்றிவிடும்.

சரி, அந்தச் 'சிறிய எலும்பு' விவகாரம். டெக்ஸா எலும்பின் கன அடர்த்தியை அளப்பதில்லை. எலும்பின் நிழலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு தாது என்று மட்டும் சொல்கிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்று, ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் எடை. நிழல் 1 சதுர செ.மீ.; டெக்ஸா சொல்வது 1. அதே பொருளில் 2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம்: எடை 8 கிராம், நிழல் 4 சதுர செ.மீ.; டெக்ஸா சொல்வது 2. பொருள் ஒன்றே, எண் இரட்டிப்பு. குட்டையான பிள்ளையின் எலும்பு வலுவாகவே இருந்தாலும் குறைவாகக் காட்டுவது இதனால்தான்.

சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, தாதுவின் அளவை நிழல் பரப்பின் ஒன்றரை அடுக்கால் வகுப்பது. நம் கனசதுரங்களில் போட்டுப் பாருங்கள்: 4-இன் ஒன்றரை அடுக்கு 8, 8-ஐ 8-ஆல் வகுத்தால் 1. இரண்டு கனசதுரங்களும் ஒன்றாகிவிட்டன. இடுப்பு முதுகெலும்புக்கு இது நன்றாக ஒத்துவரும். இரண்டாவது வழி, பிள்ளையின் உயர இசட்-ஸ்கோரை வைத்து, இந்த உயரத்துக்கு எதிர்பார்க்கும் எண்ணோடு ஒப்பிடுவது. டர்னர் சிண்ட்ரோம் உள்ள ஒரு 9 வயதுச் சிறுமிக்கு முதுகெலும்பு இசட்-ஸ்கோர் மைனஸ் 2.4 என்று வந்திருந்தது. உயரத்தின் இசட்-ஸ்கோர் மைனஸ் 3. உயரத்துக்குச் சரிசெய்ததும் மைனஸ் 0.6-க்கு வந்துவிட்டது. முறிவும் இல்லை, நசுங்கலும் இல்லை. மருந்து எதையும் எழுதவில்லை. ஈஸ்ட்ரோஜன் எப்போது தொடங்குவது என்பதைத்தான் அவள் அம்மாவோடு உட்கார்ந்து பேசினேன்.

ஆனால் இந்த இரண்டாவது வழியை அகோண்ட்ரோபிளாசியா பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அவர்களுக்குக் கால்தான் குட்டை. உடல் நீளம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். மொத்த உயரத்தை வைத்து முதுகெலும்பைச் சரிசெய்தால் எண் தேவைக்கு மேல் ஏறி, உண்மையான குறைவை மறைத்துவிடும். அளவெடுக்கும்போது உட்கார்ந்த உயரத்தையும் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இசட்-ஸ்கோர் நன்றாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக அனுப்பிவிட வேண்டாம். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவில் தாது இருக்கும். அதைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் கோளாறாக இருக்கும். எண் மைனஸ் 1, தொடையில் மாவுக்கட்டு என்று வரும் பிள்ளைக்கு நான் மாவுக்கட்டைத்தான் நம்புவேன்.

மறுபடி எப்போது?

ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுப்பதில் பயனில்லை. சாதாரணமாக ஒரு வருடம் விடுவேன். அதே இயந்திரத்தில் எடுங்கள். வேறு வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் தரும் எண்களை நேரடியாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கே உயரம் அளந்து ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை 6 செ.மீ. வளர்ந்திருந்தால் அடர்த்தி எண் தானாகவே ஏறும். அது மருந்தின் வேலை என்று யாரும் பெயர் வாங்கிக்கொள்ள வேண்டாம். நடுவில் மென்பொருளோ பகுப்பாய்வு முறையோ மாறியிருந்தாலும் எண் குதிக்கும். அப்படி மாறியிருந்தால் பழைய படத்தையும் புதிய முறையில் மறுபடி பகுப்பாய்வு செய்து தரச் சொல்லுங்கள். படம் கணினியில்தான் இருக்கும், கேட்டால் செய்து தருவார்கள்.